பன்னிரண்டாவது பாத்தி

கலைமதி எதிலிருந்து மீண்டாள் என்பது கலைமதிக்கே தெரியாது. ஆனால் மீண்டுவிட்டாள் என்பதற்குச் சான்றிதழ் இருந்தது. புதுச்சேரியில் ஒரு ஹோட்டல் மாடியில் வைத்து, கண்ணாடி போட்டு, சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். 'மீண்டெழுந்த சிறுமி – 2005' என்று பொன் எழுத்தில் இருந்தது. உப்பளத்துக் காற்றுக்குச் சான்றிதழ் என்றெல்லாம் மரியாதை கிடையாது. சட்டத்தில் அடித்திருந்த ஆணிகள் மூன்றே மாதத்தில் துருப்பிடித்து, பொன் எழுத்தின் மேல் பழுப்பாக வழிந்தன. அதற்குப் பின்னால் ஒரு பல்லி குடும்பம் நடத்தியது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கலைமதி கடலைப் பார்க்கவே இல்லை. அவள் இருந்த அளத்துமேடு, மரக்காணத்துக் கடலிலிருந்து உள்ளே தள்ளி, உப்பளத்துக்கும் கழுவெளிச் சதுப்புக்கும் நடுவில் கிடந்த குடியிருப்பு. அலை மீனவர் குப்பங்களில் செய்த அநியாயத்தைச் செய்துவிட்டு, முகத்துவாரம் வழியாக உள்ளே புகுந்து, உப்புப் பாத்திகளைச் சேற்றால் மெழுகிவிட்டுத் திரும்பிப் போனது. குப்பத்தில் செத்தவர்களுக்காக அளத்துமேடு அழுதது. கஞ்சி காய்ச்சித் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது. அதில் கேலிக்கு ஒன்றுமில்லை. கேலி அப்புறமாக, வேனில் வந்தது.

குப்பம் ஒன்றுக்கு ஏழு தொண்டு நிறுவனம் என்று ஆகிப்போனதால், தாமதமாக வந்தவர்களுக்கு அங்கே நிற்க இடமில்லை. அவர்கள் உள்ளே தள்ளி வந்தார்கள். எல்லா வேனிலும் ஏதோ ஒரு விடியலோ உதயமோ கரமோ எழுதியிருந்தது. அவர்கள் கையில் இருந்த பட்டியல் மீனவர்களுக்குத் தயாரித்தது. பட்டியலை மாற்ற தில்லியில் கேட்க வேண்டுமாம். அதனால் கலைமதியின் அப்பா தனகோடிக்கு ஒரு மீன் வலை கொடுத்தார்கள். தனகோடிக்கு நீச்சல் தெரியாது. பரிசல் ஏறினாலே வாந்தி எடுப்பார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஆட்டுக்குட்டி வெளியே போகாமல் வாசலில் கட்டினார்.

பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் கொடுத்து, மனசில் இருப்பதை வரையச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் விவரமானவர்கள். நீலக் கலரில் பெரிசாக ஓர் அலை போட்டுக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு பிஸ்கெட் பாக்கெட்டோடு ஓடிப்போனார்கள். கலைமதியின் மனசில் இருந்தது பாத்தி. ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகப் பன்னிரண்டு வரைந்தாள். உளவியல் படித்துவிட்டு வந்திருந்த அக்கா, அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்ன கண்ணா, கம்பியா?"

"பாத்திக்கா."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"உள்ள யாரும் போவக் கூடாதுக்கா. காயணும்ல?"

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பெண் மனசுக்குள்ளே சிறைப்பட்டுக் கிடக்கிறாள் என்று அறிக்கை எழுதினார். அவளை வெளியே கொண்டுவர ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், வேன் வந்தது. ஆறாவது வாரம் கலைமதியே சலித்துப்போய் ஒரு பட்டாம்பூச்சி வரைந்து கொடுத்தாள். அன்றைக்குத்தான் அவள் மீண்டாள்.

மீண்டதோடு விட்டிருந்தால் தொல்லையில்லை. அதற்கு அப்புறம் பிரபாகரன் வந்தார். சென்னைக்காரர், களப்பணி ஒருங்கிணைப்பாளர், முப்பது வயசு, எப்போதும் ஷூ. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய இம்சை. கெட்டவராக இருந்திருந்தால் பாப்பாத்தி இரண்டு வார்த்தை கேட்டு அனுப்பியிருப்பாள். பாப்பாத்தி என்பது கலைமதியின் அம்மா. உப்பள மேஸ்திரிகள்கூட அவளிடம் ஒரு கை தூரம் தள்ளி நின்றுதான் பேசுவார்கள். ஆனால் பார்க்கிற போதெல்லாம் "அம்மா, சாப்டீங்களா?" என்று கேட்கிற ஆளை என்ன செய்வது?

பிரபாகரன் கலைமதிக்கு ஐந்து நிமிஷப் பேச்சு ஒன்றை எழுதிக் கொடுத்தார். தலைப்பு: பெண் கல்வியின் அவசியம். 'ஒரு நாள்கூடப் பள்ளியைத் தவறவிடாதீர்கள் தோழிகளே' என்று முடியும். சென்னை, கடலூர், கோட்டக்குப்பம், திண்டிவனம் என்று மேடை மேடையாக ஏற்றினார். மேடைகள் எல்லாம் வேலை நாளில்தான் அமைந்தன; ஞாயிற்றுக்கிழமை பெரிய மனிதர்கள் ஓய்வெடுப்பார்கள். ஒரு நாள்கூடப் பள்ளியைத் தவறவிடாதீர்கள் என்று சொல்வதற்காகவே கலைமதி பத்தாம் வகுப்பில் பத்தொன்பது நாள் பள்ளியைத் தவறவிட்டாள்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஊற்றித் தள்ளிய மழையில் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற நாட்கள் பதினொன்று. காய்ச்சல் ஆறு. வரப்பு உடைந்து, ஆளுக்கு ஆள் மண் சுமந்தது பத்து. மொத்தம் நாற்பத்தாறு. வருஷத்தில் ஐம்பது நாள் வரை போகலாம். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் அரசுத் தேர்வுக்குப் பெயர் போகாது. ஆக, தை மாசக் கடைசியில் கலைமதியின் கையில் மிச்சம் இருந்தது நாலே நாள்.

அந்த நாலு நாளும் அப்படியே வேண்டியிருந்தது. ஏனென்றால் மிதிப்பு.

உப்பு தானாக விளைகிறது என்று நினைப்பவர்கள் சாலையில் போகிறவர்கள். மழை முடிந்ததும் பாத்தியில் நின்ற தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து, லேசாக நனைத்து, காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்த வேண்டும். மிதிப்பது என்றால் திருவிழாக் கூட்டத்தில் மிதிப்பது மாதிரி இல்லை. குதிகால் முதலில் ஊன்றக் கூடாது. விரல் முதலில் பதியக் கூடாது. பாதம் முழுசும் ஒரே சமயத்தில் தட்டையாக இறங்க வேண்டும். அடுத்த பாதம் அதை ஒட்டி இறங்க வேண்டும். கண் காலை விட்டு நகரக் கூடாது. ஒரு குதிகால் குழி விழுந்தால் போதும், அதில் சேறு தங்கி, உப்பு பழுப்பாகி, வியாபாரி மூக்கைச் சுளிப்பான். ஒரு பாத்தியைத் தொடங்கினால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் தழும்பு விழும். பெரிய பாத்திக்கு இரண்டு பேராவது பக்கத்தில் பக்கத்தில் போக வேண்டும்.

தனகோடிக்குப் பாத்திக்குள் அனுமதி இல்லை. எப்போதோ மூட்டை விழுந்ததில் அவருடைய இடது கால் சாய்ந்துதான் இறங்கும்; அடிக்கு ஒரு குழி. "யப்பா, வரப்புலயே நில்லு" என்று மகளே அவரைத் துரத்துவாள். அவர் ஆயில் எஞ்சினையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டார். மிதிப்பு, பாப்பாத்தியும் கலைமதியும்தான். பன்னிரண்டு பாத்தியில் எட்டை, பொங்கல் லீவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் முடித்துவிட்டார்கள். மிச்சம் நாலும் தாழ்வான பெரிய பாத்திகள். தண்ணீர் வடியவே தை முடியப் பார்த்தது.

அளத்து முதலாளி தேவநாதன், சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காலை ஊன்றி நின்று தேதி சொன்னார்.

"சனிக்கிழமை காலையில கடல் ஏத்தம். மடை திறந்துடுவேன். பன்னெண்டும் ரெடியா இருக்கணும் பாப்பாத்தி."

"பதினொண்ணு ரெடியானா?"

"ஒண்ணு சேறா இருந்தா தண்ணி அதுல பூந்து எல்லாத்தையும் கெடுக்கும்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா? ஒண்ணு பாக்கின்னாலும் பன்னெண்டையும் கொளஞ்சியம்மா மவனுக்குக் குத்தகைக்கு விட்டுடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"வருத்தம்லாம் படமாட்டேன். வாயில வர்றத சொல்லுவேன்."

தேவநாதன் ஊன்றிய காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கலைமதி நாலு நாள் லீவ் கேட்கத் தலைமை ஆசிரியரிடம் போனாள். நடராசன் சார் நல்ல ஆசிரியர். கணக்கைக் கண்ணீர் வராமல் நடத்துவார். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. பதினெட்டு வருஷ சர்வீஸில் அவர் படம் எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை. கலைமதியின் படமோ வாரம் தவறாமல் ஏதாவது ஒரு துண்டறிக்கையில் வந்தது.

"எந்த மேடை?" என்றார் நிமிராமல்.

"மேடை இல்ல சார். மிதிப்பு. திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் நாலு நாள்."

ரிஜிஸ்டரைத் திறந்து, விரல் வைத்து எண்ணினார். எண்ணி முடித்து, மறுபடி எண்ணினார்.

"நாப்பத்தாறு. நாலு சேந்தா அம்பது. விளிம்புல நிக்கிற, தெரியுதா? வெள்ளிக்கிழமை லிஸ்ட் அனுப்பறேன். அன்னிக்கு நீ இல்லன்னா நான் பேரை அடிச்சிடுவேன். கலைமதியாவது, மீண்டெழுந்த கலைமதியாவது."

"அந்தப் பத்தொம்பது நாளுக்கு ஆன் டியூட்டி போடலாம்ல சார்?"

"யாரோட டியூட்டி? எனக்கு ஒரு லெட்டர் வந்துச்சா? ஒரு இன்விடேஷன்? 'இந்தப் பொண்ணு படிக்கிற ஸ்கூலு இது, இவரு ஹெட்மாஸ்டரு'ன்னு எந்த மேடையிலயாவது எவனாவது சொன்னானா? நீயாவது சொன்னியா?"

"எழுதிக் குடுத்ததுல அது இல்ல சார்."

"ஆங். அதான் ரிஜிஸ்டர்லயும் இல்ல."

திங்கட்கிழமை ஒன்பதாவது பாத்தி முடிந்தது. செவ்வாய் பத்து. புதன் பதினொன்று. வியாழக்கிழமை பன்னிரண்டாவது பாத்தியின் கடைசி வரிசையைத் தாயும் மகளும் முடித்து வரப்பில் ஏறியபோது மதியம் ஒரு மணி. இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் பாத்தியைப் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. வழவழவென்று, ஈரம் மின்ன, தேய்த்துக் கழுவி வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி. வெள்ளிக்கிழமை ஒரு நாள் வெயில் பட்டால் போதும்; சனிக்கிழமை தண்ணீரை வாங்கிக்கொள்ளும்.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள் கலைமதி, யாரோ மறுத்த மாதிரி.

"போ, யாரு வாணாம்னாங்க?" என்றாள் பாப்பாத்தி.

நாலு மணிக்கு வேன் வந்தது.

கலைமதி எஞ்சின் கொட்டகையில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் நாலு நாள் ஊறிய பாதம் வெளுத்து, கீறல் கீறலாக எரிந்தது. "கலைமதீ!" என்று ஒரு குரல் கேட்டுத் திரும்பினாள். பிரபாகரனும், பின்னால் ஏழு பேரும், வரிசையாகப் புன்னகைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் வெள்ளைக்காரர்கள், புதுச்சேரிப் பக்கம் இடையஞ்சாவடியில் தங்கியிருப்பவர்கள். ஒருத்தர் கழுத்தில் கேமரா. ஓர் அம்மாள் காலில் குதி உயர்ந்த செருப்பு. எட்டுப் பேரும் பன்னிரண்டாவது பாத்தியின் நட்ட நடுவில் வந்துகொண்டிருந்தார்கள்.

 அவள் போட்ட சத்தம் வேலூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"நில்லுங்க! அங்கியே நில்லுங்க! யாரும் ஆடாதீங்க!"

எட்டுப் பேரும் நின்றார்கள். ஏதோ பாம்பு போலிருக்கிறது என்று கீழே பார்த்தார்கள். பாம்பு இல்லை. அவர்களுடைய கால்கள்தான்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பிரபாகரன்.

"ஏன் சார் இதுல வந்தீங்க? வரப்பு இருக்குதுல்ல, வரப்பு?"

"அது ரொம்ப வழுக்குதும்மா. மேடம் விழப் பார்த்தாங்க. இந்தப் பாதை நல்லா நீட்டா போட்டிருந்தது…"

பாதை. கலைமதி கண்ணை மூடிக்கொண்டாள். அளத்துக்காரன் எவன் கண்ணுக்கும் பாத்தி பாதையாகத் தெரியாது. வழுக்குகிற வரப்பில் நடப்பதற்கென்றே உப்பளத்துக் கால்கள் பிறந்திருக்கின்றன. வழவழப்பான தரையைப் பார்த்தாலே அந்தக் கால்கள் ஒதுங்கிக்கொள்ளும். ஊர்க்கால்களோ வழவழப்பைப் பார்த்தால் நமக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று இறங்கிவிடுகின்றன.

பாப்பாத்தி வந்து பார்த்தாள்.  அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றதை அளத்துமேடு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர்களை அப்படியே நிற்கவைத்து, ஒவ்வொருத்தராகப் பக்கத்து வரப்புக்குக் கைபிடித்துத் தாண்டச் செய்தார்கள். குதி உயர்ந்த செருப்பு போன வழி, முயல் வளை மாதிரி குழி குழியாக இருந்தது.

விஷயம் புரிந்ததும் பிரபாகரனுக்கு முகம் செத்துப்போனது. புரிந்துகொள்ள அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது. வெள்ளைக்காரர்களுக்கு அதை இங்கிலீஷில் சொல்ல இன்னொரு பத்து நிமிஷம். அந்த அம்மாள் கலைமதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையைச் சமாதானப்படுத்துகிற வேலையும் கலைமதியின் தலையில் விழுந்தது.

"நாங்க வேணும்னா இதை சரி பண்ணித் தரோம்" என்றார் பிரபாகரன்.

"எப்டி? ஷூவோடயா?"

"ஆளு வெச்சு…"

"யாரு சார் இருக்கா? நாளைக்கு வூட்டுக்கு ஒருத்தர் வாய்க்கால் தூர் வாரப் போயிடுவாங்க. மீதிப் பேரு வரப்பு கட்டணும். நானும் அம்மாவும்தான் மிதிக்கணும். மிதிச்சா ஸ்கூலு போச்சு, ஸ்கூலு போனா பாத்தி போச்சு. நீங்களே சொல்லுங்க, எதை வுட?"

பிரபாகரன் ஐந்து நிமிஷப் பேச்சை எழுதியவர். அதில் இதற்குப் பதில் இல்லை. "நான் உங்க ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிப் பார்க்கவா?" என்றார். அப்புறம் ரொம்பச் சங்கடத்தோடு, "நாளைக்குக் காலையில போட்டோவும் எடுக்கணும்மா. இன்னிக்கு வெளிச்சம் போயிடுச்சு. எங்க நிறுவனத்தோட காலண்டருக்கு… படம் அனுப்ப நாளைக்குத்தான் கடைசி நாள்" என்றார்.

கலைமதி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஷூவில் அவளுடைய பாத்தி ஒட்டியிருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் வேறொன்று சொன்னது.

"சார், காலண்டர்ல எங்க ஹெச்எம் வருவாரா?"

"அவர் எதுக்கு?"

"அவரும் வரணும். ரிஜிஸ்டரோட வரணும். பத்தாவது முழுசும் கூட்டிக்கினு வரணும். அப்பதான் நான் போட்டோவுக்கு நிப்பேன். இல்லன்னா வேன வேற பொண்ணு வூட்டுக்கு வுடுங்க. மீண்டு எழறதுக்கு இந்த ஊர்ல ஆளா இல்ல?"

நடராசன் சார் வீட்டில் பிரபாகரன் என்ன பேசினார் என்பது தெரியாது. முதலில் 'ரூல்ஸ்' என்ற சொல் ஆறு தடவையும், அப்புறம் 'கலர் போட்டோவா?' என்ற கேள்வி ஒரு தடவையும் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே தனகோடி பாத்தியின் ஓரத்தில் நின்று, உள்ளே கால் வைக்காமல், நீளக் கழி கட்டிய பலகையால் எட்டிய மட்டும் குழிகளை வழித்து, தண்ணீர் தெளித்துவிட்டார். தெளித்த ஈரம் உள்ளே இறங்கிய பிறகு, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தாயும் மகளும் இறங்கினார்கள். இரண்டாம் முறை மிதிப்பது முதல் முறையைவிட மோசம். குழி விழுந்த இடம் இளகி நிற்கும், மற்ற இடம் இறுகி நிற்கும். கால் நம்பி இறங்க முடியாது. ஒன்பது மணிக்குக் கால்வாசிகூட ஆகவில்லை. வேனையும் காணோம்.

"வர மாட்டாங்கடி. போ. நீ ஸ்கூலுக்கு ஓடு" என்றாள் பாப்பாத்தி, காலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நடுவுல வுட்டா தழும்பு வுழும்."

"வுழட்டும். மூஞ்சிலயா வுழப்போவுது?"

"பன்னெண்டும் போயிடும்மா."

"போனா போவுது, கூலிக்குப் போறேன். நீ போ."

கலைமதி போகவில்லை. போகவும் முடியவில்லை, வரிசையின் நடுவில் இருந்தாள். அழுகை வந்தது. அழுதால் கண் மறைக்கும், கண் மறைத்தால் கால் பிசகும் என்று அதையும் தள்ளிப்போட்டாள்.

ஒன்பதரைக்கு வேன் வந்தது. அதன் பின்னால், சாலை ஓரமாக, நீலமும் வெள்ளையுமாகப் பத்தாம் வகுப்பு முழுக்க நடந்து வந்தது. முப்பத்து நாலு பேரில் முப்பத்து மூன்று. வேனிலிருந்து பிரபாகரனும் கேமராக்காரரும் வெள்ளைக்காரர்களும் இறங்கினார்கள்; கடைசியாக நடராசன் சார் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அன்று காலைதான் பூசிய தலைச்சாயம். அக்குளில் ரிஜிஸ்டர், பிளாஸ்டிக் உறை போட்டு.

"பத்து நிமிஷம்தான்" என்றார் இறங்கும்போதே. "அட்டென்டன்ஸ்லாம் பள்ளி வளாகத்துலதான். அத முதல்லயே சொல்லிட்டேன். போட்டோ முடிஞ்சதும் அவ எங்ககூட வந்தா பிரசென்ட். வரலைன்னா ஆப்சென்ட்."

"சார், முடிச்சாத்தான் சார் வர முடியும்" என்று பாத்தியிலிருந்து குரல் வந்தது. தலை நிமிரவில்லை.

"எப்ப முடியும்?"

"ரெண்டு பேருன்னா மதியம் ஒண்ணு ஆவும் சார்."

"அப்ப ஆப்சென்ட்."

பிரபாகரன் கையைப் பிசைந்தார். அதற்குள் வரப்பில் நின்ற வகுப்பில் ஒரு சலசலப்பு. முப்பத்து மூன்றில் பாதிக்கு மேல் அளத்து வீட்டுப் பிள்ளைகள். தமிழ்நிலா என்கிற குள்ளமான பெண் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்; அரைகுறையாக மிதித்த பாத்தியைப் பார்த்தால் சில பேருக்குப் பொறுக்காது. செருப்பைக் கழற்றினாள். பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

"ஏய், இன்னா பண்ற?" என்றார் நடராசன்.

"கால் சும்மா இருக்க மாட்டுது சார்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி, பாப்பாத்தியின் பக்கத்தில் வரிசை பிடித்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். அப்புறம் பையன்கள் பேன்ட்டைச் சுருட்டினார்கள். நிமிஷத்தில் பதினெட்டு பேர் பாத்தியின் அகலத்துக்கு வரிசையாக நின்றார்கள். சொல்லிவைத்த மாதிரி எல்லாப் பாதமும் தட்டையாக இறங்கியது. சப், சப், சப்.

"பியூட்டிஃபுல்!" என்று கேமராக்காரர் கத்தினார். "சார், நீங்க… ஹெட்மாஸ்டர் சார்… கொஞ்சம் பசங்க பக்கத்துல வாங்க!"

"சைல்டு லேபர்னு எவனாவது எழுதிடுவான் சார்" என்று பிரபாகரன் காதில் நடராசன் முணுமுணுத்தார். கை மட்டும் தலைமுடியைச் சரி செய்தது.

"எக்ஸ்போஷர் விசிட்னு போட்டுக்கலாம் சார்."

"உழைப்பின் மேன்மை… களப்பயணம்" என்று நடராசன் தனக்குத்தானே திருத்திக்கொண்டார். ஒரு சிரிப்பை முகத்தில் ஏற்றினார். வரப்பு வழுக்கியது. பக்கத்தில் மிதித்து முடித்த தரை நீட்டாக இருந்தது. செருப்போடு காலை இறக்கினார்.

"சார்! காலை எடுய்யா!"

சப் சப் நின்றது. தலைமை ஆசிரியரை அந்தப் பள்ளியில் எந்த மாணவியும் 'எடுய்யா' என்று சொன்னதில்லை. சொன்னவள் நிமிர்ந்திருந்தாள், அன்றைக்கு அதுதான் முதல் தடவை நிமிர்ந்தது. முகமெல்லாம் சேறும் வேர்வையும். பாப்பாத்திகூட மகளைப் பயத்தோடு பார்த்தாள். இனி ஐம்பது நாளாவது, ஐம்பத்தோரு நாளாவது. எல்லாம் முடிந்தது என்று கலைமதிக்கே தெரிந்தது.

நடராசன் காலை எடுத்தார். எடுத்த இடத்தில் ஒரு குதிகால் குழி, அழகாக, ஆழமாக. அதைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்கா இந்தக் கத்து கத்துன?"

"இதுக்குத்தான் சார்." குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் நிற்கவில்லை. "நேத்து எட்டுப் பேரு இப்டி வந்துதான் நான் இன்னிக்கு ஸ்கூலுக்கு வர முடியல. நான் லீவு போடல சார். என்னை லீவு போட வெக்கிறாங்க. மேடைக்கும் அவங்கதான், இதுக்கும் அவங்கதான். இப்ப நீங்களும்."

பிரபாகரன் வரப்பைப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் பிரபாகரனைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்புக்கு அவர் தயாராக இல்லை.

நடராசன் சாரின் முகம் சிவந்தது, கறுத்தது. வரப்பின் மேல் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாக, வேட்டியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். கேமராக்காரர் அவரையே குறிபார்த்துக்கொண்டிருந்தார். விழுந்தாலும் கலர், விழாவிட்டாலும் கலர். எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடிய கைக்கு ரிஜிஸ்டர்தான் கிடைத்தது. சடாரென்று அதைத் திறந்தார். உறை காற்றில் பறந்து போயிற்று.

"அறிவழகன்!" என்று கத்தினார். கோபத்தில் கத்தினாரா, கேமராவுக்குக் கத்தினாரா என்பதை அவரிடமேகூடக் கேட்டுப் பயனில்லை.

"உள்ளேன் ஐயா!" என்று பாத்தியின் கோடியிலிருந்து ஒருத்தன்.

சப் சப் மறுபடி தொடங்கியது. பெயர் ஒவ்வொன்றாக வந்தது; பதில் சிலது வரப்பிலிருந்தும் சிலது சேற்றிலிருந்தும் போனது. கலைமதி குனிந்துகொண்டாள். காலை மட்டும் பார்த்தாள். காது மட்டும் வரப்பில் இருந்தது. பட்டியல் அவள் பெயருக்கு வந்தபோது குரல் நின்றது. அந்த நிறுத்தத்தில் அவள் ஆறு அடி மிதித்தாள். எண்ணினாள்.

"கலைமதி."

"உள்ளேன் ஐயா."

பேனா கீறியது. அது பிரசென்ட்டா ஆப்சென்ட்டா என்று கீறுகிற சத்தத்தில் தெரியாது. பக்கத்தில் நின்ற பிரியதர்ஷினி எட்டிப் பார்த்தாள். அவள் சேற்றில் இறங்காத ஊர்ப்பிள்ளை, ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தாள். பாத்தியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மேலும் கீழுமாகத்தான் ஆட்டினாள். தமிழ்நிலா அதைப் பார்த்துவிட்டு, மிதிப்பை நிறுத்தாமலே, கலைமதியின் தோளில் தோளால் ஒரு இடி இடித்தாள்.

"கலைமதி! இங்க பாரும்மா! ஒரு சிரிப்பு!" என்றார் கேமராக்காரர்.

"முடிக்காம நிமிர முடியாது சார்."

"ஒரே செகண்ட்!"

"முடிச்சிட்டு எவ்ளோ வேணா சிரிக்கிறேன். இப்ப பேசாதீங்க."

எல்லாப் பெயரும் கூப்பிட்டாயிற்று. நடராசன் ரிஜிஸ்டரை மூடினார். இடது பக்கம் மிதித்த பாத்தி, வலது பக்கம் மிதிக்கிற பாத்தி, நடுவில் வழுக்கும் வரப்பு. வேன் நின்ற சாலை ரொம்ப தூரத்தில் தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கணக்கு வகுப்பில் யாரும் கேட்டிராத ஒரு குரலில் கேட்டார்.

"ஏம்மா, நான் எந்தப் பக்கமா இறங்குறது?"

"எந்தப் பக்கமும் இறங்காதீங்க சார். காயற வரைக்கும் அங்கியே நில்லுங்க" என்றாள் கலைமதி. அடுத்த பாதத்தைத் தட்டையாக இறக்கினாள்.